கடல் தாண்டிய குரலுக்கு நாம் கொடுத்த விலை



உம்ராவுக்குப் புறப்படும் குழுவில் யாராவது ஒருவர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "சேர், அங்க போனா ரோமிங் போடணுமா?"

பதில் சிறியது. ஹோட்டல் வைபையில் இணைந்து வட்ஸ்அப்பில் கோல் எடுத்தால் ரோமிங் கட்டணம் ஒரு சதமும் வராது. ஆனால் இந்தச் சின்னப் பதிலுக்குப் பின்னால் எமது ஊர்களின் நாற்பது வருடக் கதை ஒன்று இருக்கிறது. பாடப்புத்தகத்தில் அது இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

1973இல் எண்ணெய் விலை ஏறியது. வளைகுடா நாடுகளில் வீதிகளும் கட்டடங்களும் எழும்பத் தொடங்கின, வேலைக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1977இல் எமது நாட்டின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. மேசன்மாரும் சாரதிகளும் போனார்கள். பின்னர் வீட்டுப் பணிப்பெண்களாக உம்மாமார் போனார்கள். போகிறவர்களின் தொகை எவ்வளவு கூடியதென்றால், 1985இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்து வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை அமைக்க வேண்டியதாயிற்று.

ஆட்கள் போனார்கள். குரல் எப்படி வந்தது?

முதலில் கடிதம். எழுத வாசிக்கத் தெரியாத உம்மாமாருக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் வாசித்துக் காட்டும். அந்தரங்கம் என்று ஒன்றும் மிஞ்சாது. அடுத்தது கெசட். அங்கே டேப்பில் பேசிப் பதிவுசெய்து, ஊருக்கு வருகிற ஒருவரின் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். இங்கே வீடே கூடியிருந்து கேட்கும். பிறகு மறுபக்கத்தில் வீட்டார் பேசி, சின்னப் பிள்ளையின் மழலையையும் ஏற்றி, திரும்பப் போகிறவரிடம் கொடுத்துவிடுவார்கள். அவசரமென்றால் தந்தி. தந்திக்காரர் படலையில் நின்றால் காகிதத்தைப் பிரிக்கும் முன்பே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். மவுத்துச் செய்தியைத் தவிர வேறெதற்கும் யாரும் தந்தி அடிப்பதில்லை.

கொழும்புக்கும் காலிக்கும் இடையில் தந்திக் கம்பி இழுக்கப்பட்டது 1858இல். அதற்கு நூறு வருடங்களுக்கு மேல் கழிந்து, 1980களில்கூட எமது கிராமங்கள் பலவற்றில் தொலைபேசி என்பது தபாற்கந்தோரிலும் ஒன்றிரண்டு முதலாளிமார் வீட்டிலும்தான் இருந்தது. வெளிநாட்டுக்கு ட்ரங்க் கோல் என்றால் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கிழக்கில் யுத்தமும் சேர்ந்துகொண்டது.

90களில் நிலைமை மாறத் தொடங்கியது. தென்னாசியாவின் முதலாவது கையடக்கத் தொலைபேசி வலையமைப்பு 1989இல் இலங்கையில்தான் தொடங்கியது. 1991இல் தொலைத்தொடர்புத் திணைக்களம் கூட்டுத்தாபனமானது. சந்திக்குச் சந்தி "கொமியுனிகேஷன்" முளைத்தது. என் வயதுக்காரர்களுக்கு அந்தக் கண்ணாடிக் கூண்டும், மேசையில் செக்கனுக்குச் செக்கன் ஓடும் மீற்றரும் மறக்காது.

அந்த மீற்றர் பணத்தை மட்டும் கணக்கிடவில்லை. குடும்பத்தில் யார் பேசலாம், எவ்வளவு பேசலாம் என்பதையும் அதுவே முடிவு செய்தது. முதலில் வாப்பாவின் உம்மா. பிறகு காசு கிடைத்ததா, கடன் கொடுத்ததா என்ற கணக்கு. அதன் பிறகு மனைவி. அவளும் பக்கத்தில் மாமியும் முன்னால் கடைக்காரரும் நிற்கத்தான் பேச வேண்டும். "சுகமா? நீங்க சுகமா?" என்பதற்கு மேல் அவள் என்ன பேசுவாள்? பிள்ளைகளுக்கு மிஞ்சுவது ஒரு ஸலாம். "வாப்பா எப்ப வாற?" என்று கேட்கும்போது லைன் அறுந்துவிடும். கணவனும் மனைவியும் நாலு வார்த்தை மனம்விட்டுப் பேச முடியாமலேயே ஊரில் எத்தனையோ குடும்பங்கள் பத்து, பதினைந்து வருடங்களைக் கடந்தன. இந்தத் தலைமுறை அதை அறிந்திருக்க வேண்டும்.

ஏன் அவ்வளவு விலை? தூரம் என்றுதான் நாமெல்லாம் நினைத்தோம். உண்மையில் தூரத்துக்குப் போன செலவு அதில் ஒரு பங்குதான். அந்தக் காலத்தில் ஒவ்வொரு நாட்டிலும் பெரும்பாலும் ஒரே ஒரு தொலைபேசி நிறுவனம், அதுவும் அரசாங்கத்தினுடையது. இரண்டு நாட்டு நிறுவனங்களும் ஒரு நிமிடத்துக்கு இன்ன தொகை என்று பேசித் தீர்மானித்து, அதைத் தமக்குள் பங்கிட்டுக் கொள்ளும். வெளியிலிருந்து அதிகமாக அழைப்பு வரும் நாட்டுக்கு அது அந்நியச் செலாவணி வருமானம். எமது நாடும் 2004ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் மூலம் சர்வதேச அழைப்புகளைக் கையாளும் நிறுவனங்கள் மீது தீர்வை விதித்தது. வெயிலில் நின்று உழைத்த மனிதன் வீட்டாரோடு பேசிய ஒவ்வொரு நிமிடத்திலும் இரண்டு பக்கத்திலும் பங்கு எடுத்தார்கள். அவன் கொடுத்த காசில் பெரும்பகுதி வாசலில் வாங்கப்பட்ட சுங்கம்.

சுங்கம் இருந்தால் சுற்றுவழியும் உருவாகும். வெளிநாட்டு அழைப்பு கார்டுகள் வந்தன. உங்களில் பலருக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கும்: ரியாத்திலிருந்து மச்சான் பேசுவார், போன் திரையிலோ எமது நாட்டு இலக்கம் ஒன்று தெரியும். மந்திரம் ஒன்றுமில்லை. அந்த அழைப்பு இணையம் வழியாக இலங்கைக்கு வந்து, இங்கே ஓர் அறைக்குள் அடுக்கி வைத்த சிம்களில் ஒன்றினூடாக உள்ளூர் அழைப்பாக மாறி உங்களிடம் வரும். அது சட்டவிரோதம், பிடிபட்டவர்களும் உண்டு.

ரோமிங் இந்தச் சுங்கத்தின் இன்னொரு வடிவம்தான். எமது சிம்மோடு மக்காவில் இறங்கினால் அங்குள்ள கம்பனியின் கோபுரத்தை எமது போன் கடன் வாங்குகிறது. அந்தக் கம்பனி எமது கம்பனிக்குப் பில் அனுப்பும், எமது கம்பனி எமக்கு அனுப்பும். ஒரே ஹோட்டலில் மேல்மாடியில் தம்பி, கீழ்மாடியில் அண்ணன், இருவரிடமும் இலங்கைச் சிம் என்று வையுங்கள். தம்பி அண்ணனின் இலங்கை இலக்கத்துக்கு எடுத்தால், அந்த அழைப்பு வழக்கமாக இலங்கைக்கு வந்து மீண்டும் மக்காவுக்குப் போகிறது. எடுத்த தம்பிக்கும் கட்டணம், பதில் சொன்ன அண்ணனுக்கும் கட்டணம். "நான் யாருக்கும் எடுக்கல்லையே, வந்த கோலுக்குத்தானே பதில் சொன்னேன்" என்று பில்லைப் பார்த்துத் திகைக்கும் ஹாஜிமாருக்கு இதுதான் விளக்கம்.

இனி வைபையின் கதைக்கு வருவோம். குரலைச் சிறு சிறு துண்டுகளாக்கி, கடிதம்போல முகவரி எழுதி இணையத்தில் அனுப்பி, மறுபக்கத்தில் மீண்டும் கோர்ப்பதுதான் இதன் அடிப்படை. 1995இலேயே கணினியிலிருந்து கணினிக்கு இப்படிப் பேசும் மென்பொருள் விற்பனைக்கு வந்தது. வைபைக்கான முதலாவது தரநிலை வெளியானது 1997இல். 2003இல் சுவீடன்காரர் ஒருவரும் டென்மார்க்காரர் ஒருவரும் எஸ்டோனிய மென்பொருளாளர்களோடு சேர்ந்து ஸ்கைப்பைக் கொண்டுவந்தனர். நெட் கபேயில் காதில் ஹெட்போன் மாட்டி, மகனின் முகத்தைத் திரையில் பார்த்து அழுத உம்மாமாரை நாம் கண்டிருக்கிறோம். 2010 டிசம்பரில் வைபர் வந்தது.

வட்ஸ்அப்பை 2009இல் உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜேன் கூம், உக்ரைனிலிருந்து 16 வயதில் தாயோடு அமெரிக்காவுக்குக் குடியேறியவர். அவருடைய தகப்பன் ஊரிலேயே தங்கிவிட்டார். பிரிந்த குடும்பம் என்றால் என்னவென்று அவருக்கும் தெரிந்திருக்கும். 2015இல் வட்ஸ்அப்பில் குரல் அழைப்பும், 2016 நவம்பரில் வீடியோ அழைப்பும் வந்தன. கொமியுனிகேஷன்கள் போட்டோ பிரதிக் கடைகளாகவும் ரீலோட் கடைகளாகவும் மாறின.

மீற்றர் நின்றது. சுங்கம் வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? சவூதி 2013 ஜூனில் வைபரைத் தடுத்தது. இணைய அழைப்புகளுக்கான தடையை அது நீக்கியது 2017 செப்டம்பரில்தான். ஐக்கிய அரபு அமீரகத்தில் வட்ஸ்அப் அழைப்பு இன்றும் பொதுவாக வேலை செய்யாது. போட்டிம் போன்ற, அனுமதி பெற்ற செயலிகளில்தான் பேசலாம். விபிஎன் போட்டு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கவனம். குற்றம் ஒன்றைச் செய்யவோ மறைக்கவோ அப்படிப் பயன்படுத்தினால் 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரை தண்டம் விதிக்க அங்கு சட்டம் இருக்கிறது.

இரண்டாவது வாசல் வைபையின் சொந்தக்காரர். வீட்டுப் பணிப்பெண்ணாகப் போன சகோதரிக்கு வைபை என்பது கபீல் வீட்டு வைபை. பாஸ்வேர்ட் கொடுத்தால் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பாள். கோபத்தில் மாற்றிவிட்டால் இருட்டு. போனையே வாங்கி வைத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. "ராத்தாட கோல் ஒரு கிழமையா இல்ல" என்று ஒரு வீட்டில் சொன்னால், பெக்கேஜ் முடிந்திருக்கும் என்று சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். விசாரியுங்கள்.

மூன்றாவது வாசல் எமது சொந்த நாட்டிலேயே மூடப்பட்டது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் எமது மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது, மார்ச் 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் தடுக்கப்பட்டன. வெறுப்பைப் பரப்பியது அந்தத் தளங்கள் வழியாகத்தான் என்பது அரசின் காரணம், அதில் உண்மை இருந்தது. ஆனால் கட்டாரிலும் சவூதியிலும் இருந்த கணவன்மாருக்கு, வீடு இருக்கிறதா, பிள்ளைகள் எங்கே என்று கேட்கும் வழியும் அதே வழிதான். ஏறத்தாழ ஒரு வாரம் அப்படிப் போனது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் மீண்டும் தடை வந்தது. அந்த நாட்களில் கைகொடுத்தது காசு கொடுத்து எடுக்கும் பழைய சாதாரணக் கோல்தான். ஆனால் வட்ஸ்அப் பழகிப்போனதால் பலருக்கு வீட்டு இலக்கம்கூட மனதில் இருக்கவில்லை.

என் கருத்து இதுதான்: வைபை எமக்குப் பெரிய நிஃமத். மனைவி மனம்விட்டுப் பேசவும், பிள்ளை வாப்பாவிடம் வீட்டுப்பாடம் காட்டவும் அது வழி செய்தது. ஆனால் அந்த வழி எமக்குச் சொந்தமில்லை. அதன் வாசல்களில் அரசும் கம்பனியும் கபீலும் நிற்கிறார்கள். ஆகவே பயன்படுத்துவோம், அதை மட்டும் நம்பி இருக்காமல்.

பயணம் போகிறவர்கள் செய்ய வேண்டியவை:

1. விமானம் ஏறும் முன் டேட்டா ரோமிங்கை நிறுத்துங்கள். வட்ஸ்அப் என்றாலே இலவசம் என்பது பிழை. ரோமிங் டேட்டாவில் பேசினால் பில் வரும்.

2. அங்கே உள்ளூர்ச் சிம் வாங்கினாலும் உங்கள் பழைய இலக்கத்து வட்ஸ்அப் தொடர்ந்து வேலை செய்யும். இலக்கத்தை மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள்.

3. போனில் "வைபை கோலிங்" என்ற வசதி இருந்தால், அது செயலி அழைப்பு அல்ல. உங்கள் சொந்த இலக்கத்திலிருந்து வைபை வழியாகப் போகும் அழைப்பு. வெளிநாட்டில் அது இயங்குமா, கட்டணம் என்ன என்பது கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். போகும் முன் கேட்டு உறுதிப்படுத்துங்கள். பேசும்போது வைபை அறுந்தால் அழைப்பு ரோமிங்குக்கு மாறவும் இடமுண்டு. விமானப் பயன்முறையைப் போட்டு வைபையை மட்டும் திறந்து வைத்தால் அந்தப் பயம் இல்லை.

4. வங்கியின் ஓடிபி தேவையென்றால் இலங்கைச் சிம்மைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

5. வீட்டு இலக்கங்கள் மூன்றையும் எமது தூதரக இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதிக் கடவுச்சீட்டுக்குள் வையுங்கள். வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு இதைக் கட்டாயம் செய்து கொடுங்கள். ஒரு இலக்கத்தையாவது மனனம் செய்ய வையுங்கள்.

இளைஞர்களே, முதலாவது விடயத்தை இன்று இரவே உங்கள் உம்மம்மாவின் போனில் செய்து காட்டுங்கள். அவர் வாசித்து விளங்குவார் என்று இந்தப் பதிவை அனுப்பிவிட்டு இருந்துவிட வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலுமாரியில் அந்தக் காலத்துக் கெசட் ஏதாவது கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். நாடா பூஞ்சணம் பிடிக்கும் முன் போனில் பிரதி எடுத்து வையுங்கள். மவுத்தாகிப்போன எத்தனையோ வாப்பாமாரின் குரல் அதில்தான் இருக்கிறது. வட்ஸ்அப்பில் தினமும் பேசுகிறோம், அந்தப் பேச்சில் எதுவும் நிற்பதில்லை. எமது ஊரின் புலம்பெயர்வு வரலாற்றை என்றாவது ஒருநாள் யாராவது எழுதுவதென்றால் இந்தக் கெசட்டுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். வைத்திருப்பவர்கள் கீழே சொல்லுங்கள், பிரதி எடுக்க நான் உதவுகிறேன், இன்ஷா அல்லாஹ்.