விதியைச் சோதித்த கதை

விதி என்றதும் தலைவிதி பற்றிய கட்டுரை என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது கணினிக்குள் இருக்கும் விதிகளைப் பற்றியது. "இப்படி இருந்தால் அப்படிச் செய்" என்று ஒரு நிறுவனம் எழுதி வைத்திருக்கும் விதிகள். கடன் கொடுக்கலாமா வேண்டாமா, தள்ளுபடி உண்டா இல்லையா, விண்ணப்பம் யார் மேசைக்குப் போக வேண்டும்... எல்லாம் இந்த வகைதான்.

ஓர் உதாரணத்தோடு ஆரம்பிக்கிறேன். ஒரு காப்பீட்டு நிறுவனம், "60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சலுகை" என்று சொல்கிறது. மென்பொருளில் அதை எழுதுபவர் "வயது 60ஐ விட அதிகம்" என்று எழுதிவிடுகிறார். 59 வயதுக்காரருக்குச் சலுகை இல்லை, 61 வயதுக்காரருக்கு உண்டு. சரி, போன மாதம் 60 முடிந்தவர் வந்து நின்றால்? விதி "இல்லை" என்கிறது. நிறுவனம் சொல்ல நினைத்தது அதுதானா? இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. 59, 60, 61 என்று மூன்று வரி எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே வர வேண்டிய விடையையும் எழுதி வைப்பது. பிறகு விதியை அந்த மூன்று வரிகளிலும் ஓட்டிப் பார்த்து, வந்த விடையையும் வர வேண்டிய விடையையும் ஒப்பிடுவது. விதிச் சோதனை என்பது இவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டாவது பத்தி, அதாவது "வர வேண்டிய விடை", இருக்கிறதே... அதை யார் நிரப்புவது என்பதுதான் ஐம்பது வருடத் தலைவலி.

இன்று இந்தப் பேச்சு அடிபடுவது லோ-கோட் தளங்களில். நிரல் எழுதத் தெரியாதவரும் பெட்டிகளை இழுத்துப் போட்டு, கோடு இணைத்து, ஓர் அலுவலக மென்பொருளைக் கட்டிவிடலாம் என்பது அவற்றின் வாக்குறுதி. லோ-கோட் என்ற பெயரை 2014இல் ஃபாரஸ்டர் என்ற ஆய்வு நிறுவனம் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. பெயர்தான் புதிது. விதிகளை நிரலுக்குள் புதைக்காமல் தனியே எடுத்து வைத்து, விஷயம் தெரிந்தவர் கையில் கொடுக்கும் ஆசை மிகப் பழையது. 1950களின் பிற்பகுதியிலேயே ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் முடிவு அட்டவணைகளைப் பயன்படுத்தினார்கள். ஆம், இல்லை என்று மூன்று கேள்விகள் இருந்தால் எட்டு சேர்க்கைகள்; எட்டையும் அட்டவணையில் போட்டுவிட்டால் எது விடுபட்டது என்று கண்ணாலேயே பார்க்கலாம். கேள்விகள் பத்தானால் 1024. அங்கேதான் கண் தோற்றுப் போகிறது.

அடுத்த பெரிய முயற்சி ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 1970களில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் என்ற மருத்துவ மாணவர் 'மைசின்' என்ற நிரலை உருவாக்கினார். ரத்தத்தில் கிருமித் தொற்று, மூளைக்காய்ச்சல் போன்றவற்றுக்கு எந்த ஆன்டிபயாடிக் கொடுக்கலாம் என்று ஆலோசனை சொல்லும் நிரல் அது. உள்ளே சில நூறு "இருந்தால்-அப்படியானால்" விதிகள். தவறான விதி என்றால் தவறான மருந்து, விளையாட்டு இல்லை.

இதைச் சோதிக்க என்ன செய்தார்கள் தெரியுமா? மூளைக்காய்ச்சல் நோயாளிகள் பத்துப் பேரின் விவரங்களை எடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் மைசின் சொன்ன மருந்து, ஸ்டான்ஃபோர்ட் தொற்றுநோய்த் துறைப் பேராசிரியர்கள் ஐவர் சொன்னது, பயிற்சி மருத்துவர்கள் சொன்னது, ஒரு மருத்துவ மாணவர் சொன்னது, நோயாளிக்கு உண்மையில் கொடுக்கப்பட்டது என்று எல்லாவற்றையும் கலந்து, யார் சொன்னது என்ற பெயரை மறைத்து, வெளியிலிருந்த எட்டு நிபுணர்களிடம் கொடுத்தார்கள். 1979இல் முடிவு வெளியானது. மைசினின் ஆலோசனைகளில் 65 சதவீதம் ஏற்கத்தக்கவை என்று நிபுணர்கள் மதிப்பிட்டார்கள். பேராசிரியர்களுக்கோ 42.5 முதல் 62.5 சதவீதம் வரைதான்!

பலரும் இதை "கணினி டாக்டரை ஜெயித்தது" என்று சொல்லிக் கடந்துபோவார்கள். எனக்கு உறைத்தது வேறு. நூற்றுக்கு நூறு யாருமே வாங்கவில்லை, நிபுணர்களாலும் நிபுணர்களைத் திருப்திப்படுத்த முடியவில்லை. அதாவது அந்த இரண்டாவது பத்தியில் எழுத ஒரே ஒரு சரியான விடை இல்லை. நல்ல முறையில், நாணயமாகச் சோதித்ததால்தான் இதுவே தெரியவந்தது. மைசின் கடைசி வரை மருத்துவமனைப் பயன்பாட்டுக்கு வரவில்லை என்பது தனிக்கதை. அதற்குக் காரணங்கள் பல.

ஸ்டான்ஃபோர்ட் குழு அதோடு நிற்கவில்லை. புற்றுநோய் சிகிச்சைக்கான 'ஆன்கோசின்' என்ற அடுத்த நிரலில், விதிகளை ஓட்டாமலேயே அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை 1982இல் எழுதினார்கள். இரண்டு விதிகள் முரண்படுகின்றனவா, ஒன்றையே இரண்டு விதிகள் சொல்கின்றனவா, எந்தச் சேர்க்கைக்கு விதியே இல்லை என்று நிரலே சொல்லும். பழைய முடிவு அட்டவணையின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம்.

தொழிற்சாலை பக்கம் வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற நிறுவனம் (சுருக்கமாக டெக்) வாக்ஸ்-11/780 என்ற கணினியை விற்றது. இன்று போல ஒரு பெட்டி வாங்கி வந்து பிளக்கில் சொருகும் சமாச்சாரம் இல்லை. வாடிக்கையாளரின் ஆர்டர் என்பது உதிரிப் பாகங்களின் நீண்ட பட்டியல். அதில் எது விடுபட்டிருக்கிறது, எந்த அட்டை எந்த அலமாரியில் போக வேண்டும், கேபிள் எத்தனை நீளம் என்பதையெல்லாம் அனுபவசாலிகள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்டெர்மாட் இதைச் செய்ய 'ஆர்1' என்ற விதி நிரலை எழுதினார். பின்னாளில் அதற்கு எக்ஸ்கான் என்று பெயர்.

1979 அக்டோபர், நவம்பர் மாதங்களில் அதற்கு முறையான பரீட்சை நடந்தது. 50 ஆர்டர்கள். ஆறு நிபுணர்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் நிரல் கொடுத்த விடையை ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் வரை அலசினார்கள். 12 இடங்களில் விதிகளுக்குள் இருந்த அறிவே தப்பு என்று பிடிபட்டது. அந்த விதிகளைத் திருத்தி, ஆர்டர்களை மறுபடியும் நிரலிடம் கொடுத்தார்கள். எல்லாம் சரியாக வந்தது. 1980இல் எக்ஸ்கான் வேலைக்குச் சேர்ந்தது.

'திருத்தியபின் மறுபடியும் ஓட்டு' என்ற அந்தக் கடைசிப் படி முக்கியம். விதிகள் சங்கிலி போல ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவை. ஒன்றைத் திருத்தினால் நேற்று வரை சரியாக இருந்த இன்னொரு விடை சத்தமில்லாமல் மாறிவிடும். எக்ஸ்கான் விஷயத்தில் இது வெறும் பயம் இல்லை. 1987 வாக்கில் அதில் சுமார் 6,200 விதிகள் இருந்தன. ஒவ்வொரு வருடமும் அவற்றில் பாதி மாறின! டெக் புதிய பாகங்களை விற்றுக்கொண்டே இருந்ததே, விதி மாறாமல் எப்படி இருக்கும்? ஆறு பேர் மணிக்கணக்கில் அலசும் பரீட்சையை அந்த வேகத்துக்கு நடத்த எந்த நிறுவனத்தாலும் முடியாது.

இதற்கான பதில் நிரலாளர்கள் பக்கத்திலிருந்து வந்தது. கென்ட் பெக் 1994இல் ஸ்மால்டாக் மொழிக்கு ஒரு சின்னச் சோதனைக் கருவி எழுதினார். 1997இல் அவரும் எரிக் காமாவும் விமானப் பயணத்தில் உட்கார்ந்து அதையே ஜாவாவுக்கு எழுதினார்கள், ஜேயூனிட் பிறந்தது. (நாமெல்லாம் விமானத்தில் ஏறினால் தூங்குவோம் :) ) விடையை ஒருமுறை எழுதி வைத்தால் போதும், ஆயிரம் முறை இயந்திரமே ஒப்பிடும். ஆனால் அந்தச் சோதனையை எழுதவே நிரல் தெரிய வேண்டும். காப்பீட்டு விதி தெரிந்த அலுவலருக்கு அதில் இடமில்லை.

அந்த இடத்தைக் கொடுத்தவர் வார்டு கன்னிங்ஹாம். விக்கியைக் கண்டுபிடித்த அதே மனிதர். 2002இல் அவர் வெளியிட்ட 'ஃபிட்' என்ற கருவியில் சோதனை என்பது ஒரு சாதாரண அட்டவணை. அலுவலரே வேர்டில் கூட எழுதலாம். இடப் பக்கம் உள்ளீடு, வலப் பக்கம் வர வேண்டிய விடை. ஓட்டினால் அதே அட்டவணை வண்ணம் பூசிக்கொண்டு திரும்பி வரும். விடை சரி என்றால் பச்சை, வேறு விடை வந்தால் சிவப்பு, விடையே வராமல் நிரல் தடுக்கி விழுந்தால் மஞ்சள். ராபர்ட் மார்ட்டின் குழுவினர் இதை விக்கிப் பக்கங்களோடு சேர்த்து ஃபிட்னெஸ் என்று ஆக்கினார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கதையிலேயே அழகான கட்டம் இதுதான். விதி தெரிந்தவர் விடையை எழுதினார், நிரல் தெரிந்தவர் விதியை எழுதினார். இரண்டு பேர், இரண்டு கை.

இப்போது லோ-கோட். சேல்ஸ்ஃபோர்ஸ் தளத்தில் ஏபெக்ஸ் மொழியில் நிரல் எழுதி நிஜப் பயன்பாட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால், நிரலின் 75 சதவீதத்தையாவது சோதனைகள் தொட்டிருக்க வேண்டும் என்பது கண்டிப்பு. அதே தளத்தில் பெட்டிகளை இழுத்து வரையும் 'ஃப்ளோ'க்களுக்கென்று தனியான சோதனை வசதி வந்தது 2022இல்தான். எழுதினால் பரீட்சை, வரைந்தால் விலக்கு என்ற மனப்பான்மை எங்கிருந்து வந்ததோ!

1999இல் தொடங்கிய ஆப்பியன் நிறுவனத்தின் தளத்தில் இந்த ஏற்பாடு தெளிவாக இருக்கிறது. ஒவ்வொரு விதியோடும் அதன் சோதனை வரிகளையும் சேர்த்தே சேமிக்கலாம். ஒரு பயன்பாட்டில் உள்ள விதிகளின் சோதனைகள் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் கிளப்பலாம். அந்தக் கட்டளை உடனே விடை தராது, ஓர் அடையாள எண்ணைத் தரும். நூற்றுக்கணக்கான சோதனைகள் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்காக யாரும் காத்து நிற்க வேண்டாம் என்பதற்காக. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரசீது வாங்குவது போலத்தான்: ரத்தம் கொடுத்துவிட்டு எண்ணோடு வீட்டுக்குப் போகலாம். பிறகு அந்த எண்ணைக் கொடுத்து "முடிந்ததா?" என்று கேட்க ஒரு கட்டளை, முடிந்திருந்தால் முடிவுகளை வாங்க இன்னொரு கட்டளை. எத்தனை தேறின, எத்தனை தோற்றன, எத்தனை பிழையாகி நின்றன என்ற கணக்கு வரும். தோற்றது வேறு, பிழையானது வேறு என்ற ஃபிட் காலத்துப் பிரிவு இங்கேயும் இருக்கிறது. இரவில் தானாக ஓட வைத்து, ஒரு சிவப்பு இருந்தாலும் மாற்றத்தை அடுத்த கட்டத்துக்கு விடாமல் நிறுத்தலாம்.

வசதிக்குக் குறை இல்லை. எனக்கு உறுத்துவது இரண்டு விஷயங்கள். ஒன்று, இந்தத் தளத்தில் ஒரு சோதனை தேறியதாகக் கொள்ளப் பல வழிகள் உண்டு. வந்த விடை எதிர்பார்த்த விடையோடு பொருந்த வேண்டும் என்பது ஒரு வழி. பிழையில்லாமல் ஓடி முடித்தாலே போதும் என்பது இன்னொன்று. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் நம் 60 வயதுக்காரருக்கு "இல்லை" என்று வந்தாலும் பச்சைதான், "உண்டு" என்று வந்தாலும் பச்சைதான்.

இரண்டாவது இன்னும் மோசம். லோ-கோடில் விதியை எழுதுபவரும் விடையை எழுதுபவரும் பெரும்பாலும் ஒரே ஆள். விதியை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, என்ன வந்ததோ அதையே "எதிர்பார்க்கும் விடை" என்று சேமித்துவிடுவது கைவசம் உள்ள மிகச் சுலபமான வழி. மாணவனே கேள்வித்தாள் எழுதி, மாணவனே திருத்துவது மாதிரி. இப்படிச் சேமித்த சோதனையால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன்; நாளைக்கு யாராவது விதியை மாற்றினால் அது கத்தும். ஆனால் இன்றைக்கே விதி தப்பாக இருந்தால், அந்தத் தப்பைத்தான் தினமும் இரவில் காவல் காக்கும். அதைச் சரிசெய்ய வரும் ஆளுக்குச் சிவப்பு விளக்கும் காட்டும்!

டெக் நிறுவனத்தின் ஆறு பேரும் அந்த 12 தப்புகளைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், நிரல் சொன்னதைப் பார்ப்பதற்கு முன்பே வாக்ஸ் அலமாரிக்குள் எது எங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரியும். நம் காப்பீட்டு உதாரணத்தில் 60 என்ற வரிக்கு எதிரே எழுத வேண்டிய விடை மென்பொருளுக்குள் எங்கேயும் இல்லை. பாலிசிப் பத்திரத்தை எடுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் "60 வயது பூர்த்தியானவர்கள்" என்று போட்டிருந்தால், போன மாதம் வந்து நின்றவருக்குச் சலுகை உண்டு.