இரு பேத்தைகளும் சேலத்துத் தண்ணீரும்

ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றிலும் டாங்கனிக்கா ஏரியிலும் வாழும் எம்பு ஒன்று. பம்பை முதலான கேரளத்து ஆறுகளில் வாழும் மலபார் பேத்தை மற்றொன்று. இரண்டும் ஒரே குடும்பம், இரண்டும் நன்னீர் மீன்கள், வண்ணமீன் கடையில் இரண்டையும் ‘பஃபர்’ என்றே சொல்வார்கள். எம்பு 67 செ.மீ. வரை வளரும். மலபார் பேத்தை 3.5 செ.மீ. தாண்டாது. நீளத்தில் பத்தொன்பது மடங்கு என்றால் உடற்பருமனில் கிட்டத்தட்ட ஏழாயிரம் மடங்கு. கடையில் இந்த வேறுபாடு தெரியாது. எம்புவைப் பெரும்பாலும் குஞ்சாகத்தான் விற்கிறார்கள். சேலத்திலோ நாமக்கல்லிலோ ஒரு வீட்டுக்கு எது ஒத்துவரும் என்பதை அழகு பார்த்துச் சொல்ல முடியாது. தண்ணீர்க் கணக்கு பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வளர்ந்த எம்பு திரும்பி நீந்தவே எட்டடி நீளம், நான்கடி அகலம் வேண்டும். இரண்டரை அடி உயரம் வைத்தால் தொட்டி சுமார் 2,200 லிட்டர் பிடிக்கும். கண்ணாடியைச் சேர்க்காமலே இரண்டு டன்னுக்கு மேல் எடை. மாடி வீட்டுக்காரர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன் இது. வாரம் பாதித் தண்ணீரை மாற்றாவிட்டால் நைட்ரேட் ஏறும், பில்டர் தடுமாறினால் அம்மோனியாவும் ஏறும். பாதி என்றால் 1,100 லிட்டர், அதாவது மொட்டைமாடி சின்டெக்ஸ் ஒன்று முழுதாகக் காலி. ஓராண்டுக்கு 57,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஏறக்குறைய ஐந்து லோடு. குடிதண்ணீர் வரும் நாளுக்காகக் குடங்களை வரிசை வைக்கும் தெருவில் இதை அண்டை வீட்டாரிடம் விளக்குவது எளிதல்ல.

மலபார் பேத்தைக்கு 60 லிட்டர் தொட்டி போதும். வாரம் ஒரு குடமும் கொஞ்சமும் மாற்றினால் சரி. ஆனால் தண்ணீரின் தன்மை என்று வரும்போது நிலைமை சற்றே மாறுகிறது. டாங்கனிக்கா ஏரியின் பி.எச். 9-ஐ ஒட்டியது, கனிமம் மிகுந்தது. ஆகவே நம் போர் தண்ணீரின் கடினத்தை எம்பு தாங்கும். மலை இறங்கிவரும் மென்னீரில் பிறந்த மலபார் பேத்தைக்குத்தான் மேட்டூர்த் தண்ணீரோ, போர் தண்ணீரோடு ஆர்.ஓ. தண்ணீர் கலந்ததோ வேண்டும். மேட்டூர்த் தண்ணீர் குழாயில் வந்தால் குளோரினை முறித்த பிறகே ஊற்ற வேண்டும். இது இரண்டு மீனுக்கும் பொது.

சித்திரை வெயிலில் சேலம் 40 டிகிரியை நெருங்கும்போது இரண்டுமே தவிக்கும். சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. சின்னத் தொட்டியின் மேல் ஒரு மின்விசிறியைத் திருப்பிவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். பெரிய தொட்டி மெதுவாகத்தான் சூடாகும், ஆனால் சூடேறிய பின் அதை ஆற்றுவது பெரும்பாடு. கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் இரண்டுக்கும் கட்டாயம்.

இனி தீனி. பேத்தைகளின் பற்கள் இணைந்து கிளிமூக்கு மாதிரி இருக்கும், வளர்ந்துகொண்டே போகும். ஓடுள்ள இரையைக் கடித்தால்தான் தேயும். தேயாவிட்டால் வாயை மூட முடியாமல் மீன் பட்டினி கிடக்கும். எம்புவுக்கு ஏரி நத்தை, வயல் நண்டு, மட்டி எல்லாம் ஆகும். மூலத்துக்கு நல்லதென்று நத்தைக்கறி ஆக்கும் நம் பக்கத்தில் நத்தைக்குப் பஞ்சமில்லை. எங்கிருந்து பிடித்தது என்பதுதான் கேள்வி. சாக்கடையும் சாயக்கழிவும் ஜவ்வரிசி ஆலைக் கழிவும் கலந்து வந்த திருமணிமுத்தாறு நாமக்கல் மாவட்டம் வழியாகத்தான் காவிரிக்குப் போகிறது. அதன் கரையில் பொறுக்கிய நத்தை அந்தத் தண்ணீரின் கனஉலோகத்தையும் தசையில் சேர்த்துக்கொண்டே வரும். மலபார் பேத்தைக்கு வேண்டிய நத்தையை வீட்டு வாளியிலேயே பெருக்கலாம். தொட்டிச் செடியோடு ஒட்டிவரும் குட்டி நத்தைகள் போதும். இந்த ஒரு வசதிக்காகவே நான் சின்னதன் பக்கம் சாய்வேன்.

குணத்தில் சின்னதுதான் முரடு. ஆண்கள் ஒன்றையொன்று துரத்தும், சக மீனின் துடுப்பைக் கடிக்கும்; செடி அடர்ந்த தொட்டியில் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று விடுவது நல்லது. எம்பு பெரும்பாலும் சாது. சோறு போடுபவரை அடையாளம் கண்டு கண்ணாடியோரம் வந்து நிற்கும், தனித்தனியாகச் சுழலும் கண்களால் பின்தொடரும். அந்தப் பார்வைக்கு மயங்கித்தான் பலர் வாங்குகிறார்கள். வேடிக்கைக்காக உப்பவைப்பது இரண்டுக்கும் கொடுமை; வலையில் தூக்கினால் காற்றை விழுங்கிவிடும், கிண்ணத்தில் தண்ணீரோடு மொள்ள வேண்டும்.

நம்மூர் மீன் என்பதால் மலபார் பேத்தை குற்றமற்ற தேர்வு என்று எண்ணிவிடக் கூடாது. 1941இல் ஹோராவும் நாயரும் உலகுக்கு அறிவித்த இந்த மீன், வண்ணமீன் வியாபாரத்துக்காக ஆற்றிலிருந்து அள்ளப்பட்டு, ஐ.யூ.சி.என். பட்டியலில் அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாகிவிட்டது. காங்கோவின் பெரிய மீனுக்கு அந்த நிலை இல்லை. ஆனால் எம்புவை வீட்டில் இனப்பெருக்கம் செய்ய முடிவதில்லை. கடைக்கு வருவது ஆற்றில் பிடித்ததே. மலபார் பேத்தை பாசிச் செடிக்குள் முட்டையிட்டுத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கும். ஆகவே அப்படிப் பெருக்கிய குஞ்சைத் தேடிக் கேட்டு வாங்கலாம். வளர்ந்துவிட்ட எம்புவைத் திருப்பி வாங்கிக்கொள்ள ஏதாவது ஒரு கடை முன்வரும் என்று நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். ஏரியில் விடுவது அதைவிட மோசம்: தொட்டி சுத்தம் செய்ய வாங்கிய சக்கர் மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகியதற்கு அப்படி விட்டதும் ஒரு காரணம்.