சூட்டிகையான பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

மூன்று வயதிலேயே எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையைப் பார்த்ததும், "ஒரு வகுப்பு தாண்டிச் சேர்த்துவிடலாமா?" என்று நம்மில் பலர் யோசிக்கிறோம். அவசரம் வேண்டாம்.

கணித மேதை ராமானுஜன், கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களை விட்டதால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். 1912-ல் நம் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தரானார். அங்கே நாராயண ஐயரும் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவர் திறமையை அறிந்து கைகொடுத்தார்கள். ஒன்றில் முந்தும் பிள்ளை மற்றொன்றில் பிந்தலாம். அதைக் கவனிக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்பதையே முதலில் பாருங்கள்.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி, சேர்க்கைக்காகப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைக்கக் கூடாது. நன்கொடையும் கேட்கக் கூடாது. தனியார் சுயநிதிப் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்கள் நலிந்த பிரிவினருக்கு உண்டு. ஆனால் 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. விண்ணப்பிக்கும் முன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

எண்ணூர், திருவொற்றியூர் சாலைகளில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வேனில் நெடுநேரம் போய்வரும் பிள்ளை, மாலை மக்தபில் தூங்கிவிழும். வீட்டருகே உள்ள நல்ல பள்ளியே போதும். விடுமுறையில் ராயபுரம் ராமானுஜன் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பிள்ளையின் ஆர்வம் எதில் என்று நமக்கே புரியும்.