மீக்கடத்திகளும் காந்தப் புலமும்

மிகத் தாழ்ந்த உஷ்ணநிலையில் மின்தடையை அறவே இழந்துவிடும் பதார்த்தங்கள் மீக்கடத்திகள் எனப்படும். இவை ஒவ்வொன்றுக்கும் மாறுநிலை உஷ்ணநிலை ஒன்று உண்டு. அதற்குமேல் அவை மற்ற உலோகங்களைப்போலத் தடையுடனேயே மின்சாரத்தைக் கடத்தும். ஆயினும், இந்நிலைமாற்றத்தை நிர்ணயிப்பதில் உஷ்ணத்துக்கு நிகரான அதிகாரம் காந்தப் புலத்துக்கும் உண்டு. குளிர்ச்சி சிறிதும் குறையாதிருக்கும்போதே புலத்தின் வன்மையை மட்டும் உயர்த்தி, மீக்கடத்தலை அழித்துவிடலாம். ஆதலால் ஒரு மீக்கடத்தியின் நடைமுறைப் பயன், அதன் மாறுநிலை உஷ்ணநிலையைக் காட்டிலும், எவ்வளவு வலிய புலத்தைத் தாங்கி நின்று அது மின்சாரத்தைச் செலுத்துகிறது என்பதையே பெரிதும் பொறுத்தது.

வரலாறு

ஹாலந்து தேசத்தின் லைடன் நகர ஆய்வுக்கூடத்தில் 1908-இல் ஹீலியத்தை முதன்முதலாகத் திரவமாக்கிய காமர்லிங் ஆன்னஸ், 1911-இல் பாதரசத்தின் மின்தடை 4.2 கெல்வினுக்கு அருகே திடீரென மறைந்துவிடுவதைக் கண்டார். தடையற்ற கம்பியைச் சுருளாகச் சுற்றினால், வெப்பமாக விரயமாகும் சக்தி ஏதுமின்றி மிக வலிய காந்தங்களை ஆக்கலாம் என்ற நம்பிக்கை உடனே பிறந்தது. அந்நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை; ஈயம் சில நூறு காஸ் புலத்திலேயே மீக்கடத்தும் தன்மையை இழந்துவிடுகிறது என்பதை அவருடைய பரிசோதனைகளே காட்டின. தனிப்பூச்சிய உஷ்ணநிலையிலும் வெள்ளீயம் தாங்கும் புலம் ஏறத்தாழ 305 காஸ், ஈயம் தாங்குவது ஏறத்தாழ 800 காஸ் மட்டுமே. கம்பியில் ஓடும் மின்சாரம் தானே ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குவதால், அப்புலம் கம்பியின் மேற்பரப்பில் மாறுநிலை அளவை எட்டும்போது மின்சாரமே மீக்கடத்தலுக்குப் பகையாகிவிடுகிறது என்பதை 1916-இல் சில்ஸ்பி எடுத்துரைத்தார்.

நிலைமாற்றத்தின் இயல்பு

1933-இல் பெர்லினில் மைஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் செய்த பரிசோதனை, மீக்கடத்தி என்பது தடையில்லாத கடத்தி மாத்திரமன்று என்பதை நிலைநாட்டியது. புலத்தினிடையே வைத்துக் குளிர்விக்கப்பட்ட உலோகம், மாறுநிலையைக் கடந்தவுடன் தன்னுள் இருந்த புலத்தை வெளியே தள்ளிவிடுகிறது. தடையின்மை ஒன்றே அதன் குணமாயின், முன்னிருந்த புலம் உள்ளேயே உறைந்து நின்றிருக்கும். முதலில் குளிர்வித்துப் பின்பு புலத்தைச் செலுத்தினாலும், புலத்தைச் செலுத்திப் பின்பு குளிர்வித்தாலும் முடிவு ஒன்றே ஆவதால், மீக்கடத்தும் நிலையை வெப்ப இயக்கவியலுக்கு உட்பட்ட ஓர் உண்மையான சமநிலையாகவே கொள்ளலாயிற்று.

புலத்தை வெளியே தள்ளி நிறுத்துவதற்குச் சக்தி செலவாகிறது. அச்செலவு, மீக்கடத்தும் நிலையை எய்தியதால் உலோகத்துக்குக் கிட்டிய சக்தி ஆதாயத்துக்குச் சமமாகும் புள்ளியே மாறுநிலைப் புலம். உஷ்ணநிலை ஏற ஏற இப்புலம் ஏறக்குறைய ஒரு பரவளைய வடிவில் தாழ்ந்து, மாறுநிலை உஷ்ணநிலையில் பூச்சியமாகிறது. இவ்வளைகோட்டைக் கடக்கும் முறைக்கேற்ப நிலைமாற்றத்தின் தன்மையே வேறுபடுவது குறிப்பிடத்தக்கது. புலமே இல்லாதபோது உள்ளுறை வெப்பம் ஏதுமின்றி, தன்வெப்பம் மட்டும் திடீரெனத் தாவுகிறது. புலம் இருக்கும்போதோ, பனிக்கட்டி உருகுவதில்போல உள்ளுறை வெப்பம் கொள்ளப்படுகிறது. ஆகவே வெளிவெப்பம் புகாதபடி காத்து, புலத்தால் மீக்கடத்தலை அழித்தால் உலோகம் குளிர்கிறது.

இரு வகைகள்

புலத்தை முழுவதும் விலக்கி, மாறுநிலையில் ஒரேயடியாகப் பணிந்துவிடும் வெள்ளீயம், ஈயம், பாதரசம் முதலியவை முதல் வகையின. கார்க்கோவ் நகரில் ஷூப்னிக்கோவும் அவர் குழுவினரும் 1930-களில் ஈயக் கலவைகளை ஆராய்ந்தபோது, புலம் ஒரு கீழ் எல்லையில் உள்ளே நுழையத் தொடங்கி, அதனினும் மிக உயர்ந்த மேல் எல்லை வரையில் மீக்கடத்தலோடு உடனுறைவதைக் கண்டனர். இவ்விரண்டாம் வகைக்கு 1957-இல் அப்ரிகோசோவ் கோட்பாடு வகுத்தார். அதன்படி, புலம் மெல்லிய சுழல்களாகப் பிரிந்து நுழைகிறது. ஒவ்வொரு சுழலும் தாங்கும் காந்தப் பாயம் 2.07×10⁻¹⁵ வெபர் என்னும் மாறாத அளவினது. ஒரு டெஸ்லா, அதாவது 10,000 காஸ் புலத்தில், ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பை ஊடுருவும் சுழல்கள் ஏறத்தாழ 48 கோடி. இவை முக்கோண ஒழுங்கில் அணிவகுத்து நிற்பதை 1967-இல் எஸ்மானும் டிராய்பிளேயும் மேற்பரப்பில் காந்தத்தன்மையுள்ள நுண்ணிய துகள்களைப் படியவைத்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் படம்பிடித்துக் காட்டினர்.

மின்சாரமும் சுழல்களும்

சுழல்கள் நிறைந்த மீக்கடத்தியில் மின்சாரம் பாயும்போது, அவற்றின்மீது குறுக்குத் திசையில் ஒரு விசை தாக்குகிறது. சுழல்கள் நகர்ந்தால் மின்னழுத்தம் தோன்றும். மீக்கடத்தும் நிலை அழியாதிருக்கையிலேயே மின்தடை மீண்டுவிடும். மாசுமறுவற்ற தூய படிகம் இதனாலேயே பயன்படாமல் போகிறது. படிகத்திலுள்ள குறைகளும் அயல் துகள்களும் சுழல்களை முளையில் கட்டிய கன்றுபோல் நகரவொட்டாமல் பிடித்துவைக்கின்றன. நையோபியம்–டைட்டேனியம் கம்பியைத் திரும்பத் திரும்ப இழுத்தும் சூடேற்றியும் பதப்படுத்துவதன் நோக்கம், அதனுள் டைட்டேனியத் துணுக்குகளைப் பிரியச்செய்து இப்பிடிப்பை வலுப்படுத்துவதேயாகும். 1961-இல் குன்ஸ்லரும் அவருடன் பணியாற்றியோரும் நையோபியம்–வெள்ளீயச் சேர்மம் 8.8 டெஸ்லா புலத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் ஆம்பியர் மின்சாரத்தைத் தாங்குவதைக் காட்டியபின், ஆன்னஸின் பழைய நம்பிக்கை நடைமுறைக்கு வந்தது.

பயன்கள்

புலத்தால் மீக்கடத்தல் அழிவதே ஒரு காலத்தில் பயனாகக் கருதப்பட்டது. 1950-களில் டட்லி பக் அமைத்த கிரையோட்ரான் என்னும் கருவியில், டாண்டலக் கம்பியின்மேல் நையோபியக் கம்பி சுற்றப்பட்டுத் திரவ ஹீலியத்தில் அமிழ்த்தப்பட்டது. சுற்றில் சிறிதளவு மின்சாரம் செலுத்தியதும் எழும் புலம் டாண்டலத்துக்குத் தடையை மீட்டுத்தரும்; நிறுத்தியதும் தடை மறையும். இது கணிப்பொறிகளுக்கேற்ற நிலைமாற்றியாகக் கருதப்பட்டது. இன்றைய முதன்மையான பயன் வலிய காந்தங்களே. மருத்துவமனைகளின் எம்.ஆர்.ஐ. கருவிகளில் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா புலம் நிலவுகிறது; ஜெனீவாவை அடுத்த பெரிய ஹாட்ரான் மோதுவியில், துகள்களின் பாதையை வளைக்கும் 1,232 காந்தங்கள் 1.9 கெல்வினில் 8.33 டெஸ்லா வரை புலம் தர வடிவமைக்கப்பட்டவை.

1986-க்குப்பின் அறியப்பட்ட செம்பு ஆக்சைடு மீக்கடத்திகளில், மேல் எல்லைப் புலத்துக்கு வெகு கீழேயே சுழல்களின் அணிவகுப்பு உருகிவிடுகிறது. தூய ஒற்றைப் படிகங்களில் இவ்வுருகுதல் உள்ளுறை வெப்பத்தோடு நிகழ, அதே புள்ளியில் மின்தடையும் திடீரென எழுகிறது. பிஸ்மத் சேர்ந்த ஆக்சைடு 110 கெல்வின் வரை மீக்கடத்தியாயிருந்தும், திரவ நைட்ரஜனின் 77 கெல்வினில், அதைக்கொண்டு செய்த நாடாவின் பரப்புக்குச் செங்குத்தான ஒரு டெஸ்லா புலத்தில்கூட மின்சாரத்தைத் தடையின்றிக் கொண்டுசெல்ல மாட்டாது. 93 கெல்வினிலேயே மாறுநிலை எய்தும் இட்ரியம் சேர்ந்த ஆக்சைடோ அதே குளிர்ச்சியில் பல டெஸ்லாக்களைப் பொறுக்கிறது. பிஸ்மத் ஆக்சைடு நாடாக்களையே 4.2 கெல்வினுக்குக் குளிர்வித்தால், 20 டெஸ்லாவுக்கு மேற்பட்ட புலத்திலும் அவை மின்சாரத்தைத் தாங்குகின்றன.