இணைய நூலகங்களின் அடிப்படைக் கூறுகள்: ஆரணி குப்புசாமி முதலியாரின் நூல்களை முன்வைத்து

இணைய நூலகம் என்பது நூல்களைத் திரட்டி, வகைப்படுத்தி, எங்கிருந்தும் தேடிப் படிக்க வழிசெய்யும் தளம். நூல்களைப் படமெடுத்து ஏற்றிவிட்டால் மட்டும் ஒரு தளம் நூலகமாகிவிடாது. தேடி வருபவரின் கைக்கு நூல் கிடைக்க வேண்டும். இதை விளங்கிக்கொள்ள ஆரணி குப்புசாமி முதலியாரின் நூல்கள் நல்ல எடுத்துக்காட்டு.

ஆரணியும் நாவலும்

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியின் பெயரைத் தம் பெயரோடு தாங்கியவர் குப்புசாமி முதலியார். தமிழின் தொடக்ககாலத் துப்பறியும் நாவலாசிரியர்களுள் ஒருவரான இவர், ஆங்கில எழுத்தாளர் ரெய்னால்ட்ஸின் கதைகளைத் தழுவிப் பல நாவல்கள் எழுதினார். ஆனந்தபோதினி இதழின் ஆசிரியராகவும் பணியாற்றி 1925இல் மறைந்தார்.

இவருடைய நாவல்களின் பழைய பதிப்புகள் இன்று புத்தகக் கடையில் கிடைப்பவை அல்ல. இத்தகைய நூல்களைப் பார்க்க 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம், கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பிலிருந்து 1994இல் உருவான ஆராய்ச்சி நூலகம் போன்றவற்றை நாடிச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. இந்தத் தொலைவைக் குறைப்பதே இணைய நூலகத்தின் முதற்பணி.

தமிழில் தொடக்கம்

உலகில் மின்னூல் திட்டங்களுக்கு முன்னோடி 1971இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம். தமிழில் 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செய்தனர். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் இழப்பை மறவாத ஈழத்தமிழர்கள் 2005இல் நூலகம் திட்டத்தைத் தொடங்கினர். தமிழ்நாட்டில் தமிழ் இணையக் கல்விக்கழகம் தன் மின்னூலகத்தில் அரிய நூல்களின் மின்படிகளை வழங்கி வருகிறது.

இருக்க வேண்டிய கூறுகள்

*பட்டியல்:* குப்புசாமி, குப்புஸ்வாமி, குப்புசுவாமி ஆகிய மூன்றும் ஒருவரையே குறிக்கலாம். பழைய முகப்புப் பக்கத்தில் உள்ள எழுத்து ஒன்று, இன்றைய மாணவர் தட்டச்சிடும் எழுத்து வேறு. எல்லா வடிவங்களையும் ஒரே பெயர்ப் பதிவின் கீழ் இணைக்காவிட்டால், நூல் தளத்தில் இருந்தும் இல்லாததாகிவிடும்.

*பாகமும் பதிப்பும்:* இவருடைய 'இரத்தினபுரி ரகசியம்' பல பாகங்கள் கொண்டது. பாக எண் குறிக்கப்படாவிட்டால், மர்மக் கதையின் முதல் பாகத்தை முடித்தவர் அடுத்ததைத் தேடி அலைவார். பதிப்பாண்டு இல்லையேல் ஆய்வாளர் அதை மேற்கோளாகக் காட்ட முடியாது.

*தேடத்தக்க எழுத்து:* பக்கத்தின் படத்தில் சொல்லைத் தேட இயலாது. அதை எழுத்தாக மாற்ற வேண்டும். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வரும் முன் ணை, லை, னை, றா போன்றவை வேறு வடிவில் அச்சாயின. எழுத்துணரி மென்பொருள் இவற்றில் தடுமாறும் என்பதால் மனிதர் மெய்ப்புப் பார்ப்பது அவசியம். மதுரைத் திட்டம் உள்ளீடு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களைக் கோப்பிலேயே குறிப்பது பின்பற்றத்தக்கது.

*உரிமை விவரம்:* இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் அவருடைய நூல் பொதுவுடைமையாகும். அவ்விவரத்தைத் தளம் தெளிவாகச் சொன்னால் படிப்பவரும் மறுபதிப்புச் செய்பவரும் தயங்க மாட்டார்கள்.

*நீடித்த காப்பு:* மதுரைத் திட்டத்தின் கோப்புகள் தஸ்கி குறியேற்றத்திலிருந்து ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. மாற்றாதிருந்தால் இன்றைய கைப்பேசியில் அவை புரியாத குறிகளாகவே தெரியும். படிகள் ஒரே கணினியில் இல்லாமல் பல இடங்களில் இருப்பதும், நூலின் இணைய முகவரி மாறாதிருப்பதும் தேவை.

நிறைவாக

ஏற்றப்பட்ட நூல்களின் எண்ணிக்கை மட்டும் ஒரு தளத்துக்குப் பெருமை தராது. ஆரணியில் ஒரு மாணவி தன் ஊர்க்காரரின் பெயரைத் தனக்குத் தெரிந்த எழுத்தில் தட்டச்சிட்டதும், எல்லாப் பாகங்களும் பதிப்பாண்டுடன் அவள் முன் வந்து நின்றால், அந்தத் தளம் நூலகம்.