ரேக் வரும் முன் அறை தயாரா?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரம் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடித்து ஒரு வருஷம் ஆவதற்குள் துரு பொரிந்து நிற்கும். ஒரு பக்கம் கடல் உப்பு, இன்னொரு பக்கம் மணலி ஆலைகளின் புகை. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்படும் வரை அதன் சாம்பலும் உண்டு. இந்தக் காற்றில் நெட்வொர்க் ரேக் நிறுத்துவது புதுப் பிரச்சினை என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். இல்லை, தொலைபேசிக்காரர்கள் நெடுநாளாகப் போராடிய பிரச்சினைதான்.

கல்கத்தா, பம்பாயோடு சென்னைக்கும் எக்ஸ்சேஞ்ச் வந்தது 1882 ஜனவரியில். பிற்காலத்துப் பெரிய எக்ஸ்சேஞ்சுகளில் பேட்டரிக்குத் தனி அறை இருக்கும். சார்ஜ் ஏறும்போது கிளம்பும் அமிலப் புகையும் ஹைட்ரஜனும் கருவிப் பக்கம் வரக்கூடாது என்பதற்காக. அந்த 48 வோல்ட் பேட்டரியில் பிளஸ் முனையைத்தான் எர்த் செய்வார்கள். கார் பேட்டரியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆனால் புதைத்த செம்புக் கம்பி சுற்றியுள்ள மண்ணைவிட மைனஸாக இருந்தால், ஈர மண்ணில் அது அரிக்காது. இன்றைய டெலிகாம் ரேக்கிலும் அதே மைனஸ் 48தான். 19 அங்குல அகலமும் தொலைபேசிக்காரர்கள் கொடுத்ததே; அமெரிக்காவில் 1920-களில் பிறந்த அளவு அது.

1985-ல் பம்பாய் வொர்லியில் டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் வந்தது. வெளிநாட்டுத் தொழில்நுட்பம். ஏசி வேண்டும், தூசி ஆகாது. மறு வருஷமே சி-டாட் நிறுவனத்தின் 128 லைன் கிராமப்புற எக்ஸ்சேஞ்ச் கர்நாடகத்துக் கிட்டூரில் ஏசி இல்லாமல் ஓடியது. கருவிக்கு ஏற்ற அறை கட்டுவதா, கிடைக்கிற அறைக்கு ஏற்ற கருவி செய்வதா? இரண்டாவது வழிதான் பெரிய சாதனை என்பது என் கட்சி. ஆனால் ரவுட்டரும் சர்வரும் வந்தபின் நாம் மறுபடி முதல் வழிக்கே திரும்பிவிட்டோம்.

2006 ஜூலையில் ஐரோப்பா மின்னணுச் சாதனங்களில் ஈயத்தைத் தடை செய்தது. ஈயப் பற்றுக்குப் பதில் பல சர்க்யூட் போர்டுகளுக்கு வெள்ளிப் பூச்சு வந்தது. கந்தக வாயு உள்ள ஊர்களில் பூச்சின் ஓரத்தில் தெரியும் செம்பு கறுத்து, அந்தக் கறுப்பு போர்டின்மேல் ஊர்ந்து பக்கத்துத் தடத்தைத் தொட்டுவிடும். ஷார்ட்! சாக்கடைக் கால்வாயும் எண்ணெய் ஆலையும் உள்ள வட சென்னைக்கு இது வெளிநாட்டுச் செய்தி இல்லை. ஆகவே ரேக் வாங்குமுன், செம்பு, வெள்ளித் தகடுகளை ஒரு மாதம் அந்த அறையில் தொங்கவிட்டுச் சோதிக்க வேண்டும். செம்பில் ஏறும் படலம் மாதத்துக்கு 300 ஆங்ஸ்ட்ராமுக்குள் என்பது ஏற்கத்தக்க அளவு. மீறினால் சாதா ஃபில்டர் போதாது, வாயுவை உறிஞ்சும் ஃபில்டர் வேண்டும். ஏசி கெட்டால் கதவைத் திறந்து ஃபேன் வைப்பது நம் ஊர் வைத்தியம். இங்கே அது விஷத்தை விசிறிவிடுகிற வேலை.

தரைத்தளம் கூடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் வந்த தண்ணீர் எண்ணெயோடு வந்தது. மாடியில் வைத்தால் தளம் தாங்குமா என்று கட்டட இன்ஜினியரைக் கேளுங்கள். ரேக்கைக் கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கிய பிறகே கனமான யுபிஎஸ் அடியில் ஏற வேண்டும். மேல்தட்டு முதலில் நிறைந்தால் ரேக் ஆள்மேல் சாயும்.

எர்த் குழிக்கு மற்ற ஊர்களில் கரியும் உப்பும் கொட்டுவோம். இங்கே நிலத்தடி நீரே உப்பு. மீட்டர் நல்ல அளவு காட்டும், எல்லோருக்கும் திருப்தி. அதே உப்பு இரும்புக் குழாயைத் தின்னும். வருஷா வருஷம் அளந்து எழுதி வைக்காவிட்டால் குழாய் போனது யாருக்கும் தெரியாது. குழி மூடியின்மேல் டைல்ஸ் ஒட்டிவிட்ட கட்டடங்களையும் பார்த்திருக்கிறேன்.