பாலத்தின் மேல் ஒரு நகரம்



கடந்த மாதம் நம் சபையிலிருந்து 32 பேர் வட இந்தியச் சுற்றுப்பயணம் சென்று நலமாய்த் திரும்பினோம். தில்லி, ஆக்ரா, ஃபத்தேபூர் சிக்ரி, சாரநாத், காசி என்று வரலாறும் வழிபாடும் பின்னிக் கிடக்கும் ஊர்களை 8 நாட்களில் பார்த்தோம். ஊருக்கு ஊர் வழிகாட்டி, தங்குமிடம், பேருந்து எல்லாம் முன்னரே ஏற்பாடாகியிருந்தன. புகைப்படங்களை நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். அவற்றில் அகப்படாத ஒன்றைப் பற்றி இவ்வாரம் எழுத விரும்புகிறேன்.

புறப்படுமுன் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் என்னிடம், "ஐயா, மசூதியையும் கோயிலையும் அரசர்களுடைய கல்லறையையும் பார்த்து நமக்கு என்ன ஆகப்போகிறது? அந்தப் பணத்தை நம் ஆலயக் கட்டட நிதிக்குக் கொடுத்தால் ஆகாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் அவருக்கு அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தை நினைவூட்டினேன். ஏதென்ஸ் பட்டணத்திற்குச் சென்ற பவுல், வாய் திறந்து பேசுவதற்கு முன் ஊரைச் சுற்றிப் பார்த்தார். அந்நிய மக்களின் வழிபாட்டு இடங்களைக் கவனித்தார். ஒரு பலிபீடத்தில் எழுதியிருந்ததை நின்று வாசித்தார். வாசித்த பிறகே பேசினார். பெரியவர் புன்னகைத்துவிட்டு, "சரி ஐயா, நானும் வந்து வாசிக்கிறேன்" என்றார். அவர் சொன்னபடியே செய்தார் என்பதைப் பின்னால் கூறுவேன்.

தில்லியில் முதலாவதாகக் குதுப் மினார் வளாகத்திற்கு அழைத்துச் சென்றார்கள். சுமார் 73 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதிலேயே பலருக்கு நேரம் கழிந்துவிடுகிறது. அருகிலுள்ள பழைய மசூதியின் தூண்களைக் கவனித்தால் மணிகளும் சங்கிலிகளும் செதுக்கிய கோயில் வேலைப்பாடு தெரியும். 27 கோயில்களின் பொருட்களைக் கொண்டு அதைக் கட்டியதாக அம்மசூதியின் கல்வெட்டே கூறுகிறது. முற்றத்தின் நடுவில், அவை யாவற்றிற்கும் பல நூற்றாண்டுகள் முந்திய குப்தர் கால இரும்புத் தூண் நிற்கிறது. ஓர் அரசன் இடித்ததும் கட்டியதும், அவனுக்கு முன்னிருந்தவன் நாட்டியதும் ஒரே முற்றத்தில் இருக்கின்றன. புனித நகரங்கள் பெருமையோடு காயங்களையும் சுமந்து நிற்கின்றன என்பதை முதல் நாளிலேயே கண்டோம்.

ஆக்ராவில் தாஜ்மகாலைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. 1631இல் மரித்த மும்தாஜுக்காக ஷாஜகான் எழுப்பிய அந்த வெண்பளிங்குக் கல்லறை எழுத்தில் அடங்காதது. அதை எழுப்பியவர் 1658இல் தம் சொந்த மகனாலேயே ஆக்ரா கோட்டையில் சிறை வைக்கப்பட்டு, 1666இல் அங்கேயே மரித்தார். அதே ஊரில் சுற்றுலாப் பேருந்துகள் நிற்காத ஓர் ஆலயமும் உண்டு. அக்பர் அளித்த இடத்தில் 1600 வாக்கில் இயேசு சபைக் குருமார் எழுப்பிய அதனை இன்றும் 'அக்பர் தேவாலயம்' என்றே அழைக்கிறார்கள். பாட்டன் கொடுத்த அனுமதி பேரன் காலத்தில் நிலைக்கவில்லை. ஷாஜகானின் ஆட்சியில் 1635இல் அது இடிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு மீண்டும் கட்டப்பட்டது. அரசரின் தயவை அஸ்திபாரமாகக் கொண்ட ஆலயம் அரசர் மாறும்போது ஆடுகிறது.

இனி ஃபத்தேபூர் சிக்ரிக்கு வருகிறேன். ஆக்ராவிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். பிள்ளையின்றி வருந்திய அக்பருக்கு ஆண் குழந்தை பிறக்கும் என்று சிக்ரியில் வாழ்ந்த சூஃபி பெரியவர் சலீம் சிஷ்டி கூறினாராம். 1569இல் மகன் பிறந்தான். அவரது பெயரே அவனுக்கு இடப்பட்டது. பின்னாளில் ஜஹாங்கீர் என்று அரசாண்டவர் அவரே. அந்த நன்றியின் அடையாளமாக 1571இல் அக்பர் அவ்விடத்தில் ஒரு தலைநகரையே கட்டத் தொடங்கினார். அரண்மனைகள், மண்டபங்கள், குளங்கள், பெரிய மசூதி யாவும் செந்நிறக் கல்லால் ஆனவை. நடுவில் சலீம் சிஷ்டியின் கல்லறை மட்டும் வெண்பளிங்கு. 1585 வாக்கில் அங்கு வந்த ரால்ஃப் ஃபிட்ச் என்னும் ஆங்கில வணிகர், ஆக்ராவும் ஃபத்தேபூரும் ஒவ்வொன்றும் லண்டனைவிடப் பெரியவை என்று எழுதி வைத்தார்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று அறிந்த வழிகாட்டி ஓர் அரண்மனையைக் காட்டி, "இது மரியம் வீடு, அக்பரின் கிறிஸ்தவ மனைவி வாழ்ந்த இடம்" என்றார். எங்களில் பலருக்கு முகம் மலர்ந்தது. ஆனால் அது உண்மையன்று. 'மரியம் உஸ் ஸமானி', அதாவது 'இக்காலத்தின் மரியாள்' என்பது ஜஹாங்கீரின் தாய்க்கு வழங்கப்பட்ட பட்டப்பெயர். அவர் ஆம்பேர் நாட்டு ராஜபுத்திர இளவரசி. மரியாளை முஸ்லிம்களும் உயர்வாகப் போற்றுவதால் அப்பட்டம் அமைந்தது. வழிகாட்டியை நான் குறை கூறவில்லை. நமக்கு இனிக்கும் கதையை அவர் சொன்னார். நாமும் விசாரிக்காமல் ஏற்றுக்கொள்ள ஆயத்தமாயிருந்தோம். பிரசங்க பீடத்தில் நிற்கும் எனக்கும் அது ஓர் எச்சரிப்பு.

கிறிஸ்தவர்கள் அங்கு வந்த உண்மையான வரலாறு வேறு. 1575இல் அக்பர் 'இபாதத் கானா' என்னும் வழிபாட்டு இல்லத்தை நிறுவி, வியாழக்கிழமை இரவுகளில் சமய உரையாடல்களை நடத்தினார். முதலில் முஸ்லிம் அறிஞர்கள் மட்டுமே பேசினார்கள். அவர்களுக்குள்ளேயே சச்சரவு மிகுந்தது. பின்பு இந்து, சமண, பார்சி சமயத்தாருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவர்களின் வாயிலிருந்தே கேட்க விரும்பிய அக்பர் கோவாவுக்குத் தூதரை அனுப்பினார். அதன்படி ருடால்ஃப் அக்குவாவிவா, அந்தோனியோ மொன்செராத்தே, பிரான்சிஸ்கோ ஹென்ரிக்கஸ் என்னும் மூன்று இயேசு சபையார் 1580இல் சிக்ரி வந்தடைந்தார்கள். பல மொழிகளில் அச்சான வேதாகமத் தொகுதிகளை அவர்கள் காணிக்கையாக வைத்தபோது, அக்பர் தலைப்பாகையைக் கழற்றி, ஒவ்வொன்றையும் தலைமேல் வைத்து முத்தமிட்டார் என்று அவர்களுடைய குறிப்புகள் கூறுகின்றன. தம் மகன் முராதுக்குப் பாடம் கற்பிக்கும் பொறுப்பையும் மொன்செராத்தேயிடம் ஒப்படைத்தார்.

பேரரசர் மனந்திரும்புவார் என்று அவர்கள் நம்பினார்கள். அது நடக்கவில்லை. அக்பர் கேட்டார், மதித்தார், கேள்விகள் எழுப்பினார். ஆனால் திரித்துவமும், தேவன் மாம்சமானார் என்பதும் அவருக்கு விளங்காத புதிர்களாகவே இருந்தன. குருமாரும் விவாதத்தில் கடுஞ்சொற்களைத் தவிர்க்கவில்லை. 1583இல் அக்குவாவிவா கோவாவுக்குத் திரும்பினார். அதே ஆண்டு ஜூலையில் குங்கோலிம் என்னும் ஊரில் கொல்லப்பட்டார். 1585இல் அக்பரும் சிக்ரியை விட்டு லாகூருக்குப் போனார். வடமேற்கு எல்லையின் நெருக்கடி காரணம் என்பர். தண்ணீர்ப் பற்றாக்குறை என்றும் கூறுவர். கட்டத் தொடங்கி 14 ஆண்டுகளில் பேரரசின் தலைநகரம் வெறுமையாயிற்று.

எங்கள் சுற்று மசூதியின் தெற்கு வாயிலான புலந்த் தர்வாசாவில் முடிந்தது. தரையிலிருந்து சுமார் 54 மீட்டர் உயரம். குஜராத் வெற்றியின் நினைவாக எழுப்பப்பட்டது என்பர். தக்காண வெற்றிக்குப் பின் 1601இல் அக்பர் சிறிது காலம் அங்கு வந்தபோது அவ்வெற்றியைக் கூறும் பாரசீகக் கல்வெட்டும் பொறிக்கப்பட்டது. எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருக்கையில் நம் பெரியவர் வழிகாட்டியிடம், "அங்கே என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். "வெற்றிச் செய்தி, கூடவே உங்கள் ஈசாவின் வார்த்தை" என்றார் அவர்.

மரியாளின் குமாரனாகிய ஈசா கூறியதாக அதில் எழுதியிருப்பதன் கருத்து இதுவே: இவ்வுலகம் ஒரு பாலம், அதைக் கடந்து செல்லலாம், அதன்மேல் வீடு கட்டலாகாது, உலகத்தின் காலம் ஒரு நாழிகையளவே, அதை ஜெபத்தில் கழிக்க வேண்டும்.

இச்சொல் நம்முடைய 4 சுவிசேஷங்களில் இல்லை. சிக்ரிக்கு வந்த குருமார் கற்றுக்கொடுத்ததும் அன்று. 1111இல் மரித்த கஸ்ஸாலி போன்ற இஸ்லாமிய அறிஞர்களின் நூல்களில் அவர்களுக்கு வெகு காலம் முன்பே இது இடம்பெற்றிருக்கிறது. இயேசுவை அந்த அரண்மனைக்கு முதன்முதலாகக் கொண்டுவருவதாக எண்ணியே அவர்கள் கடல் கடந்து வந்திருப்பார்கள். அவர்கள் வருமுன்னரே அவருடைய பெயர் அங்கே மரியாதையோடு உச்சரிக்கப்பட்டு வந்தது. நாம் அறிக்கையிடும் முழு விசுவாசமும் அதில் இல்லைதான். ஆயினும் அவரை நாம் மட்டுமே அறிவோம் என்னும் பெருமை எனக்குள் அந்த வாயிலில் சற்றுத் தணிந்தது.

எழுதப்பட்ட காலத்தையும் எண்ணிப் பாருங்கள். 1601இல் அந்த நகரம் கைவிடப்பட்டு 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. மொன்செராத்தேயிடம் பாடம் படித்த முராது 1599இல் குடிப்பழக்கத்தால் அழிந்து மரித்திருந்தான். எந்த மகனுக்காக அந்நகரம் எழுந்ததோ அந்தச் சலீம் தகப்பனுக்கு விரோதமாகக் கிளர்ந்திருந்தான். வெற்றியைப் பறைசாற்றும் வாயிலில், வீடு கட்டாதே என்னும் சொல்லும் பொறிக்கப்பட்டது. அக்பரின் உள்ளத்தை நாம் அறியோம். கல்லில் இரண்டும் அருகருகே இருக்கின்றன.

காசியில் கடைசி நாள் காலை படகில் சென்றோம். படித்துறைகளில் சிதைகள் எரிந்துகொண்டிருந்தன. அந்நகரில் மரித்தால் வீடுபேறு என்று நம்பி வருவோர் அநேகர். வடக்கே ராஜ்காட்டின் பக்கம் 1887இல் திறக்கப்பட்ட பழைய பாலம் தெரிந்தது. கீழ்த் தளத்தில் ரயில், மேல் தளத்தில் சாலை. நெடுநேரம் பேசாமலிருந்த நம் பெரியவர், "ஐயா, நம் அஸ்திபாரக் கல்லில் யார் யார் பெயர் என்று எத்தனை கமிட்டியில் சண்டை போட்டோம்!" என்றார்.

அன்பானவர்களே, அவர் தம்மை மட்டும் குறித்துச் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. நாம் கட்டப்போகும் ஆலயத்தின் கல்லில் முதல் வரியில் போதகரின் பெயர் வருவது வழக்கம் என்றார்கள், நான் மறுக்கவில்லை. அதற்குக் கீழே யார் பெயர் முந்துவது, எவ்வளவு கொடுத்தவருக்கு எத்தனை எழுத்து என்பதில் இரண்டு குடும்பங்கள் இன்னும் பேசிக்கொள்வதில்லை. ஆலயம் வேண்டும், மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி ஆராதிக்க ஓர் இடம் அவசியம். ஆனால் எபிரெயர் 11ஆம் அதிகாரம் காட்டும் ஆபிரகாம், தேவன் கட்டும் நகரத்திற்குக் காத்திருந்தபடியால் கூடாரத்தில் குடியிருந்தார். நாமும் கடந்து போகிறவர்களே.

வருகிற கமிட்டிக் கூட்டத்தில், என் பெயரை அந்தக் கல்லிலிருந்து நீக்கும்படி நானே கேட்கப்போகிறேன். மற்றப் பெயர்களைக் குறித்து நான் எதுவும் கூறமாட்டேன். அதற்குள் இவ்வாரம் ஒரு மாலை குடும்பமாக அமர்ந்து, பாலத்தின் மேல் நாம் எங்கே வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று யோசித்து ஜெபியுங்கள். பேசாதிருக்கும் அந்த இரண்டு வீட்டாரையும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கர்த்தருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக.